மேட்டில் உட்கார்ந்த டவுன்: ஹட்டன் ஏன் அகலமாகாமல் நீளமாகிறது

இலங்கையின் மலையக ஊரான ஹட்டனில் பெய்யும் மழை இரண்டு கடற்கரைகளுக்குப் போகிறது. ஊரின் ஒரு சரிவில் விழுந்த தண்ணீர் ஹட்டன் ஓயா என்ற சிற்றாற்றில் சேர்ந்து, ரொசல்லை, வட்டவளைப் பக்கமாக இறங்கி மகாவலியில் கலக்கிறது. பிறகு நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று சுற்றித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் முடிகிறது. மேட்டைத் தாண்டி டிக்கோயாப் பக்கம் விழுந்தது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் போகிறது. நோட்டன் பிரிட்ஜிலும் லக்சபானவிலும் மின்சாரம் எடுத்துக்கொண்டு விட்ட பிறகு அது களனி கங்கையாகிறது. அதில் ஒரு பங்கை அம்பத்தளையில் மறித்துச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. இந்த இரண்டு ஆறுகளையும் பிரிக்கிற மேட்டின் கழுத்தில்தான், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,260 மீற்றர் உயரத்தில், ஹட்டன் டவுன் உட்கார்ந்திருக்கிறது.

ஊரின் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு விடயத்திலிருந்து கிளைக்கிறது. பள்ளத்தாக்கில் உள்ள ஊர் ஆற்றங்கரையோரமாகப் பரவும். கண்டி ஒரு கிண்ணத்துக்குள் இருந்தாலும் கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை என்று வெளியே வழிவதற்கு அதற்குச் சமநிலம் கிடைத்தது. மேட்டில் உட்கார்ந்த ஊருக்கு அந்த வசதி இல்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் இறக்கம். அந்த இறக்கம் தொடங்குகிற இடத்திலேயே தேயிலையும் தொடங்கிவிடுகிறது.

சமவெளி என்று எழுதியிருக்கும், நம்ப வேண்டாம்

புவியியல் புத்தகங்களில் 'ஹட்டன் சமவெளி' என்று ஒரு சொல் வரும். இலங்கையின் மத்திய மலைநாட்டை ஒரு நங்கூரமாக நினைத்துக்கொண்டால் அது எங்கே இருக்கிறது என்று புரியும். நடுத்தண்டு பீதுருதலாகலை (2,524 மீற்றர்) பக்கத்திலிருந்து தெற்கே வருகிறது. அடியில் ஒரு கை மேற்கே சிவனொளிபாதமலை (2,243 மீற்றர்) வரையிலும், மற்றக் கை கிழக்கே நமுனுகுலை (2,036 மீற்றர்) வரையிலும் நீள்கிறது. மேற்குக் கைக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள உயர்ந்த தட்டுத்தான் ஹட்டன் சமவெளி. கிழக்குப் பக்கத்துக் குழிவு வெலிமடை.

அது தட்டு என்பது வானத்திலிருந்து பார்க்கிறவருக்கு. தரையில் நிற்கிறவருக்கு அது ஆறுகள் ஆயிரம் வருடமல்ல, பல இலட்சம் வருடமாகக் கீறிக் கீறிப் போட்ட முகடும் மடுவும்தான். அடியில் மிகப் பழைய, உருமாறிய கடும்பாறை. அதன் மேல் பாறை உக்கி மண்ணான படை, சில இடங்களில் ஓரிரு அடி, சில இடங்களில் பல மீற்றர் தடிப்பு. இந்தப் படைக்கும் பாறைக்கும் நடுவில் தண்ணீர் தேங்கினால் மேல்மண் பிடியை விடுகிறது. மலையகத்து மண்சரிவுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம்.

மேற்கு வாயில் திறந்திருப்பதால் தென்மேல் பருவக்காற்று, மே முதல் செப்டெம்பர் வரை, நேரே இந்தத் தட்டில் வந்து மோதுகிறது. ஹட்டனுக்கு ஏறி வரும் வழியில் உள்ள வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிகம் நனைகிற இடங்களில் ஒன்று. அந்த மேற்குச் சரிவுகளில் சில தோட்டங்கள் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். சிங்கமலையைத் தாண்டிக் கொட்டகலைக்குப் போனால் மழையின் குணமே மாறுவது போலிருக்கும், தூரம் என்னவோ சில கிலோமீற்றர்தான். ஒக்டோபர், நவம்பரில் வருவது வேறு ரகம்: காலையில் வெயில், பின்னேரம் இடி, ஒரு மணித்தியாலத்தில் கான் (வடிகால்) நிரம்பி வீதியில் ஓடும். தென்மேல் மழை மண்ணை ஊற வைக்கிறது. அதன் பின்னால் வருகிற இந்த இடிமழைதான் பல இடங்களில் மண்ணைத் தள்ளிவிடுகிறது.

ரயில் போட்ட ஊர்

கோப்பிக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சரக்கு மாட்டு வண்டியில் இறங்கியது. ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்து, பத்து வருடம் அங்கேயே நின்றது. 1884இல் ஹட்டனுக்கு ஏறியது, அடுத்த வருடமே நானுஓயாவுக்குப் போய்விட்டது. அதற்குள் கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்திருந்தது.

அந்தப் பாதையின் கணக்கு ஊரின் அமைப்பை விளங்க வைக்கும். மலைப்பகுதியில் ரயில் ஏறக்கூடிய அதிகபட்சச் சாய்வு 44க்கு 1, அதாவது நூறு மீற்றர் ஓடினால் 2.3 மீற்றர்தான் ஏறலாம். நாவலப்பிட்டி நிலையம் சுமார் 1,900 அடியிலும் ஹட்டன் நிலையம் 4,141 அடியிலும் இருக்கின்றன. இந்த 2,200 அடியை அந்தச் சாய்வில் ஏற வேண்டுமானால் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். ஹட்டனைத் தாண்டியதும் மேடு வழிவிடவில்லை. சிங்கமலையைக் குடைந்துதான் கொட்டகலைக்குப் போனார்கள். ஏறத்தாழ 560 மீற்றர் நீளமான அந்தச் சுரங்கம் மலைநாட்டு ரயில் பாதையில் மிக நீளமானது.

நிலையத்துக்கு ஒரு சமமான துண்டு நிலம் வேண்டும். மேட்டின் கழுத்தில் கிடைத்த அந்தத் துண்டில் நிலையத்தைப் போட்டார்கள், அதை ஒட்டிக் கடைத்தெரு வந்தது, வங்கி வந்தது. இன்றைய ஹட்டன் நஷனல் வங்கியின் வேர் 1888இல் இங்கே தொடங்கிய ஹட்டன் வங்கி. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஏறி, தலவாக்கலை, நுவரெலியாவுக்குப் போகிற ஏ7 வீதியும் இதே கழுத்துக்குள்தான் நுழைகிறது. நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை வீதி பிரிவதும் இங்கேதான். ரயில், நெடுஞ்சாலை, கிளைவீதி, பஸ் நிலையம், கடை எல்லாம் ஒரே கழுத்தில். கழுத்தை அகலமாக்க முடியாது என்பது ஒவ்வொரு தீபாவளிச் சந்தையிலும் எல்லோருக்கும் விளங்கும்.

வளர்ச்சி எங்கே ஒளிந்திருக்கிறது

சனத்தொகை அறிக்கையில் ஹட்டனைத் தேடினால் சிறிய ஊராகத்தான் தெரியும். அந்த எண்ணை நம்பி ஊரை எடைபோட்டால் தவறிப்போகும். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது மட்டுமே 'நகரம்'. முன்பு பட்டின சபைகள் இருந்தன, அவையும் நகரமாகவே எண்ணப்பட்டன. 1987இல் அவற்றை எடுத்துவிட்டுப் பிரதேச சபைகளை வைத்தபோது பல சிறு டவுன்கள் ஒரே நாளில் கிராமமாகின. 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் வசிக்கிற இடம் 'தோட்டத்துறை' என்று தனியாகப் போகும்.

இப்போது ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு ஒரு முறை ஆட்டோவில் போய்ப் பாருங்கள். வீதியின் இரண்டு பக்கமும் கடை, வீடு, தனியார் வகுப்பு, வேன் தரிப்பிடம். ஹட்டன்–டிக்கோயா நகர சபை என்ற பெயரே இரண்டு ஊர் ஒட்டிக்கொண்டதைச் சொல்கிறது. மற்றப் பக்கம் கொட்டகலை, அதைத் தாண்டிப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. அங்கேயும் இதே காட்சிதான். ஆனால் கொட்டகலை நகர சபைக்குள் இல்லை. வீதிக்கு மேலே இருக்கிற லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், தோட்டத்துறை. டவுனில் வேலை செய்து, டவுனில் சாமான் வாங்கி, பிள்ளையை டவுன் பாடசாலைக்கு அனுப்புகிற அந்தக் குடும்பம் கணக்கில் நகரத்தைச் சேராது.

கணக்கோடு நின்றுவிடவில்லை இது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்ட எல்லைக்குள் சபைகள் பணம் செலவழிக்க நீண்டகாலம் தடை இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள், சபை அவர்களுக்குக் கான் கட்ட முடியவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே வருடத் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. அதற்கு முன் ஒரு சபை சுமந்த சனத்தொகையை நினைத்தால் இது மிகவும் பிந்தி வந்த பிரிப்பு.

நிலம் யாருடையது என்பதில் அடுத்த முடிச்சு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பிறகு காணி நீண்டகாலக் குத்தகையாயிற்று. ஆகவே டவுனைச் சுற்றியுள்ள தேயிலை மலையை, இடமிருந்தாலும், காசிருந்தாலும், ஒருவர் போய் வாங்க முடியாது. கைமாறக்கூடிய, உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணி வீதியோரத் துண்டுகளும் பழைய தனியார் காணிகளும்தான். தண்ணீர் இறுக்கமான குழாயில் நீளமாக ஓடுவது போல, ஊர் வீதியோரமாகவே நீள்கிறது. இடம் போதாத இடத்தில் கீழ்நோக்கி வளர்கிறது.

கீழ்நோக்கி என்பது உவமையல்ல. வீதியிலிருந்து பார்த்தால் ஒரு மாடி. பின்பக்கம் போய்ப் பள்ளத்திலிருந்து நிமிர்ந்தால் நான்கு. வீதி மட்டத்தில் கடை, அதற்குக் கீழே களஞ்சியம், அதற்குக் கீழே குடியிருப்பு, கடைசியில் சரிவில் ஊன்றிய தூண்கள்.

ஏழு பேர்ச்சின் கணக்கு

தோட்ட வீடமைப்பில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்பதுதான் பல வருடமாகக் கேட்ட அளவு. இந்திய உதவித் திட்டத்தில் கட்டிய வீடு 550 சதுர அடி. ஒரு பேர்ச் 272 சதுர அடி, அதாவது 25.3 சதுர மீற்றர். ஏழு பேர்ச் 177 சதுர மீற்றர். சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 13.3 மீற்றர். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இது ஒரு சின்ன வளவு, அவ்வளவுதான். மலையில் சாய்வையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வீட்டின் ஆழம், முன்னிருந்து பின்னுக்கு, 8 மீற்றர் என்று வைப்போம். நிலம் 20 பாகை சாய்ந்திருந்தால் அந்த 8 மீற்றருக்குள் தரை 2.9 மீற்றர் இறங்கிவிடும். சமமாக்க, பாதியை மேலே வெட்டிப் பாதியைக் கீழே நிரப்பினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். சமாளிக்கலாம். 30 பாகையானால் இறக்கம் 4.6 மீற்றர். பின்னால் 2.3 மீற்றர் செங்குத்து வெட்டு, முன்னால் அதே அளவு கொட்டிய மண். இரண்டுக்கும் தாங்குசுவர் கட்டினால் மிஞ்சுகிற இடம் என்ன, செலவு என்ன என்று பார்த்தால், வீட்டுக்கு வைத்திருந்த காசில் பெரும் பங்கு மண்ணுக்குள் போய்விடும். ஆகவே பலர் சுவரைப் பிறகு பார்ப்போம் என்று விடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

சாய்வை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. இரண்டு மீற்றர் நீளமான நேர்த்தடி ஒன்று, மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டம் ஒன்று. தடியின் ஒரு முனையை மேட்டுத் தரையில் வைத்து மட்டமாகப் பிடித்து, மறுமுனையிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று நாடாவால் அளக்க வேண்டும். 60 சென்ரிமீற்றர் வந்தால் சாய்வு 17 பாகைக்குள். 1 மீற்றர் 15 சென்ரிமீற்றர் வந்தால் 30 பாகை. காணியில் நான்கைந்து இடத்தில் அளந்து, கூடியதைத்தான் எடுக்க வேண்டும், சராசரியை அல்ல.

சுவர் கட்டியும் விழுகிறதே என்பார்கள். விழுந்த சுவர்களைப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கல்லிலோ சீமெந்திலோ குறை இராது. பின்னால் தேங்கிய தண்ணீர்தான் தள்ளியிருக்கும். சுவரில் ஒன்றரை மீற்றருக்கு ஒரு துளை வீதம் மூன்று அங்குலக் குழாய் வைத்து, சுவருக்குப் பின்னால் ஒரு அடி தடிப்புக்கு உடைகல் நிரப்பினால் தண்ணீர் வெளியே வந்துவிடும். குழாயை வைத்துவிட்டுப் பின்னால் வெறும் மண்ணைக் கொட்டுவது வழக்கமாக நடக்கிற பிழை. ஒரு மாரியில் சேறு அடைத்துவிடும்.

கூரைத் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 550 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 5,000 லீற்றருக்கு மேல், ஒரு பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர். கூரை விளிம்பில் பீலி போடாமல் அதைப் பின்பக்க வெட்டின் காலடியில் விழவிட்டால் வெட்டிய மண்ணுக்கு அடியில் நாமே ஊற்றுகிறோம். மலசலகூடக் குழி வீட்டுக்கு மேல்பக்கம் இருந்தாலும் இதே கதை, மழையில்லாத நாளிலும் மண் ஊறிக்கொண்டிருக்கும். வரிசையாக இருபது வீடு கட்டும்போது மேல்வரிசைக் கூரைத் தண்ணீர் கீழ்வரிசைக்கு வராமல் எங்கே போகும் என்று கேட்டு வரைபடத்தில் காட்டச் சொல்வது, கதவு எந்த நிறம் என்று கேட்பதை விட முக்கியம்.

தோட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே தடுப்பு விட்டு, தண்ணீரை நிறுத்தி நிறுத்தி இறக்குவது பழைய முறை. 'கான் வெட்டு' என்பது கவ்வாத்து (செடியைத் தறித்தல்), கொழுந்து பறிப்பு போலத் தனியாகப் பேர்போட்டுச் செய்த ஒரு வேலை. ஆள் குறைந்ததும் முதலில் கைவிடப்படுவது அதுதான். மேலே கான் தூர்ந்தால் கீழே டவுன் வீதியில் ஆறு ஓடும். வீதிக் கானை எவ்வளவு அகலமாக்கினாலும் மேல்மலையின் கானுக்கு அது ஈடாகாது.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், நுவரெலியா அதில் ஒன்று. மழைக்கு அந்நிறுவனம் வைத்திருக்கும் படிகளும் எளியவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரானால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 ஆனாலோ வெளியேற வேண்டும். நேர்ச்சுவருள்ள ஒரு பால்மாத் தகரத்தை வெட்டவெளியில் வைத்தாலே அளக்கலாம், மூன்று அங்குலம் நிரம்பினால் முதல் படி. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களைக் கிழித்துப் போட்டதையும் பார்த்த பிறகு, ஒரு தகரம் வைப்பது பெரிய வேலையல்ல.

சீசனும் தண்ணீரும்

மேட்டில் இருக்கிற ஊருக்கு மேலேயிருந்து ஆறு வராது. சிறு ஊற்றுகளும், அவற்றைக் காக்கும் சிங்கமலை போன்ற காட்டுத் துண்டுகளும்தான் அதன் கையிருப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை ஊற்று மெலியும். காட்டுக்கு யாரோ தீ வைப்பதும் அந்த மாதங்களில்தான். சிவனொளிபாதமலைச் சீசனோ டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே வெசாக்கில் முடிகிறது. ரயிலில் இறங்கி மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ் பிடிக்கிற கூட்டம் முழுவதும் இந்தக் கழுத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே ஊருக்குத் தண்ணீர் மிகக் குறைந்த வாரங்களும் ஆள் மிகக் கூடிய வாரங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. கீழே காசல்ரீயில் நீர் நிறைந்து கிடப்பதைப் பார்த்து அங்கிருந்து இறைக்கலாமே என்று தோன்றும். இறைக்கலாம், ஆனால் மேட்டுக்கு ஏற்றுகிற ஒவ்வொரு லீற்றருக்கும் மின்சாரம் செலவு, ஊற்றுத் தண்ணீரோ தானாக இறங்கி வருவது.

கழிவு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. சமநிலம் இல்லாத ஊரில் குப்பை கொட்ட இடம் தேடினால் கிடைப்பது ஏதாவது ஒரு மடு, மடு என்றால் அது ஒரு ஓயாவின் தலை. ஹட்டன் கடைத்தெருக் கானில் போட்ட பொலித்தீன் எந்தச் சரிவில் விழுந்தது என்பதைப் பொறுத்துக் கம்பளைக்கோ கொழும்புக்கோ போகும். கீழ்நாட்டுக்காரர் இதைத் தோட்டத்து ஊரின் உள்வீட்டு விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காணி பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வருவது பெப்ரவரி வெயிலில். அப்போது எல்லாக் காணியும் அழகு. ஒக்டோபர் பின்னேரம் நான்கு மணிக்கு, இடிமழை ஓய்ந்த உடனே போனால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று காணியே காட்டும். மரமும் மின்கம்பமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சீமெந்துத் தரையில் வளைந்த வெடிப்பு ஓடுகிறதா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா அல்லது இருந்த ஊற்று திடீரென்று கலங்கியதா என்று பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வயதான ஒருவரிடம், "இந்த மலையில கான் கடைசியா எப்ப வெட்டினாங்க?" என்று கேட்க வேண்டும். பிறகு உறுதியைப் பார்க்கலாம்: வளவு தனியார் உறுதிக் காணியா, தோட்டத்திலிருந்து பிரித்ததா, பாதை யாருடைய நிலத்தால் வருகிறது என்று. பாதை தோட்டத்தினுடையது என்றால், அதை நகர சபையா பிரதேச சபையா கம்பனியா திருத்தும் என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் முற்பணம் கொடுக்க வேண்டும்.